நாங்க கரை சேர்ந்துடுவோம்

அந்தக் கப்பல் விளையாட்டில் துரோகி யார் என்ற கேள்விக்குத் தமிழில் மட்டும்தான் பதில் இருந்தது. மற்ற மொழிக்காரர்களுக்கு அப்படி ஒரு கேள்வியே எழவில்லை.

பல வருடமாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கிற வீடியோ கேம் அது. விளையாடுகிறவர்தான் கேப்டன். கப்பலில் ஒரு சமையல்காரன், ஒரு பீரங்கிக்காரன், ஒரு குடிகார வைத்தியர், இன்னும் நாலைந்து பேர், சுக்கான் பிடிக்க ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைக்கக்கூட எழுதியவர்களுக்கு நேரமில்லை. சுக்கான்காரி, அவ்வளவுதான். முதல் பாகத்தில் அவள் பேசியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இரண்டாம் பாகத்தில் புயல் வந்தது. பாய்மரம் முறிந்து, கப்பல் இதோ மூழ்கப்போகிறது என்கிற நேரத்தில், அவள் கேப்டனைத் திரும்பிப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "விடியறதுக்குள்ள நாங்க கரை சேர்ந்துடுவோம், கேப்டன்."

நாம இல்லை, நாங்க. அப்படியானால் கேப்டனின் கதி?

தமிழில் விளையாடிய பிள்ளைகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கேப்டனை எதிரிக் கப்பலுக்கு விற்றுவிட்டாள் என்றது ஒரு கட்சி. கேப்டன் முதல் பாகத்திலேயே செத்துவிட்டார், அது அவருக்கு மட்டும்தான் தெரியாது என்றது இன்னொரு கட்சி. இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். மூன்றாம் பாகத்திலும் நாலாம் பாகத்திலும் அவள் வாயைத் திறந்தாலே "நாங்க"தான். அந்த "நாங்க"வையெல்லாம் வெட்டி ஒட்டி வீடியோ போட்டார்கள். பிடித்த பாத்திரம் யார் என்று கேட்டால் மற்ற மொழிக்காரர்கள் குடிகார வைத்தியரைச் சொல்வார்கள். தமிழ்ப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சுக்கான்காரி என்பார்கள். அடுத்த பாகத்தில் நம் கழுத்தை அறுக்கப்போகிறாளோ என்று பயந்துகொண்டே அவள்மேல் உயிராக இருந்தார்கள்.

உண்மை என்னவோ சப்பென்று இருந்தது. மொழிபெயர்ப்பாளருக்குக் கேம் வருவதில்லை, எக்செல் ஷீட்தான் வரும். கட்டத்துக்கு ஒரு வரி. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், பக்கத்தில் யார் நிற்கிறார், ஒரு தகவலும் இருக்காது. மூல மொழியிலோ "நாம்", "நாங்கள்" இரண்டுக்கும் ஒரே சொல். கப்பலில் இருப்பவர்கள் கரையில் இருக்கிற கேப்டனுக்குச் செய்தி அனுப்புகிறார்கள் என்று அவராக நினைத்துக்கொண்டு "நாங்க" என்று போட்டார். அடுத்த பாகங்களுக்குப் பழைய ஷீட்டைப் பார்த்து அதே மாதிரி போட்டுக்கொண்டே போனார். மூலத்தில் சுக்கான்காரி நல்லவள். கொட்டாவி வருகிற அளவுக்கு நல்லவள்.

அவளுக்குத் தமிழில் குரல் கொடுத்தவளைத்தான் நாம் இப்போது பார்க்கப்போகிறோம். டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்குச் சுக்கான் அக்கா என்று பெயர். வீட்டில், ஐம்பதைத் தொடப்போகிற வயதிலும், பாப்பா. அண்ணன் கூப்பிட்ட செல்லப்பெயரை அண்ணியும் பிடித்துக்கொண்டாள். நாமும் பாப்பா என்றே சொல்வோம். கூட்டத்தில் அலறுகிற குரல், விளம்பரத்தில் சோப்பைப் புகழ்கிற குரல், கார்ட்டூனில் சிணுங்குகிற குழந்தை, இதெல்லாம்தான் பாப்பாவின் பிழைப்பு. வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி கிடைத்தது சுக்கான்காரி ஒருத்திதான். ஆனால் அந்தக் கேமை அவள் ஒருநாளும் விளையாடியதில்லை. கண்ணாடி அறைக்குள் நின்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூலக் குரல் ஓடுகிற நொடிகளுக்குள் தன் வாயை அடக்கிப் பேசுவாள். அடிபடுகிற சத்தம், விழுகிற சத்தம், மூச்சுத் திணறுகிற சத்தம் எல்லாவற்றையும் கடைசியில் வரிசையாகக் கொடுப்பாள். முதலிலேயே கொடுத்தால் தொண்டை போய்விடும். அதோடு வேலை முடிந்தது, வீட்டுக்கு வந்துவிடுவாள்.

வீடு அண்ணன் வாடகைக்கு எடுத்தது. புருஷனோடு இருந்தது கொஞ்ச காலம். அதைப் பற்றி அவளே பேசுவதில்லை, நாமும் கிளற வேண்டாம். அண்ணன் வீட்டுப் பின்னறைக்குச் சில நாள் இருக்கலாம் என்று வந்தவள், அப்படியே இருந்துவிட்டாள். அண்ணி நல்லவள். முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "நாங்க சாப்பிட்டோம் பாப்பா, உனக்கு மூடி வச்சிருக்கேன்" என்பாள். "நாங்க ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துடறோம், வீட்டைப் பாத்துக்கோ" என்பாள். இதில் குத்தல் எதுவும் கிடையாது. துணி மடித்துக்கொண்டே, சிரித்த முகமாகத்தான் சொல்வாள். பாப்பாவும் சிரித்த முகமாகவே தலையாட்டுவாள். பிறகு பின்னறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அண்ணனுக்கு ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் வாலு என்றால்தான் திரும்புவாள். சுக்கான்காரிக் கட்சியில் அவள் தீவிர உறுப்பினர். "அத்தை, உண்மையைச் சொல்லுங்க. அவ கேப்டனை வித்துட்டாளா இல்லையா?" என்று குடைந்துகொண்டே இருப்பாள்.

"ஷீட்ல அப்படி ஒண்ணும் இல்லடி" என்பாள் பாப்பா.

"உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. நாங்க கண்டுபிடிச்சிருவோம், பாருங்க."

ஒருநாள் காலையில் அண்ணி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "பாப்பா, சொல்ல மறந்துட்டேன் பாரு. வீடு ஒருவழியா அமைஞ்சிருச்சு. இந்த வாடகை ஒப்பந்தம் முடிஞ்சதும் நாங்க புது வீட்டுக்கு மாறிடுவோம்."

"நல்லது அண்ணி" என்றாள் பாப்பா.

தலை துவட்டிக்கொண்டிருந்த அண்ணன் துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. அந்தப் புது வீட்டில் பாப்பாவுக்கு இடம் உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்டால் பதில் வந்துவிடுமே. கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குக் கிளம்பினாள்.

அன்றைக்கு ஸ்டூடியோவில் வேறு வேலை இல்லை, திருத்த வேலைதான். ஐந்தாவது பாகம்தான் கடைசி. அது வரும்போது பழைய பாகங்களையும் சேர்த்து ஒரே கட்டாக விற்கப்போகிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டான், தமிழில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று. ஆகவே சுக்கான்காரியின் எல்லா "நாங்க"வும் "நாம" ஆக வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

மொழிபெயர்ப்பாளரும் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே ஷீட் சார் என்று பெயர். "எனக்கு வந்தது ஒரு கட்டம், அதுக்குள்ள ஒரு வரி. கேப்டன் பக்கத்துலதான் நிக்கிறாருன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சின்னச் சின்ன வரிகள் மளமளவென்று முடிந்தன. புயல் வரியில் வந்து வண்டி நின்றுவிட்டது.

"விடியறதுக்குள்ள நாம கரை சேர்ந்துடுவோம், கேப்டன்."

ஒலிப்பதிவு செய்கிறவரை எல்லாரும் சவுண்ட் தம்பி என்பார்கள். தாடி நரைக்க ஆரம்பித்திருந்தாலும் தம்பிதான். அவர் காதைச் சொறிந்துகொண்டே, "சரியாத்தான் இருக்கு அக்கா. ஆனா யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

மறுபடி சொன்னாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். வாய் ஒட்டுகிற சத்தம் வராமல் இருக்க வைத்திருந்த பச்சை ஆப்பிளில் ஒரு துண்டைக் கடித்துவிட்டு மறுபடி சொன்னாள். "இப்ப ரொம்ப இனிக்குது" என்றார் சவுண்ட் தம்பி. முன்பு பதிவு செய்த பழைய டேக்கைப் போட்டுக் காட்டினார். அதில் பயமும் இல்லை, வன்மமும் இல்லை. நடந்துவிட்ட ஒன்றை வீட்டாருக்குச் சொல்கிற மாதிரி ஒரு நிதானம். எத்தனையோ பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தது அந்த நிதானம்தான்.

அது எங்கிருந்து வந்தது என்று பாப்பாவுக்குத் தெரியும். அன்றைக்கு ஷீட்டில் "நாங்க" என்று பார்த்ததும், யோசிக்காமல் அண்ணியின் குரலில் சொல்லிவிட்டாள். துணி மடிக்கிற குரலில். அந்தக் குரலில் "நாம" உட்கார மாட்டேன் என்றது. அண்ணி அப்படிச் சொல்லிக் கேட்டிருந்தால்தானே வரும்?

"அப்ப மட்டும் எப்படிங்க அவ்வளவு கச்சிதமா வந்தது?" என்று கேட்டார் ஷீட் சார்.

"அது வீட்டுல தினம் கேக்கிறதுதானே சார்."

ஷீட் சாருக்கு விளங்கவில்லை. விளங்கிய மாதிரி சிரித்துவைத்தார்.

டீ வந்தது. பாப்பா ஐந்தாம் பாகத்தின் தாள்களைப் புரட்டினாள். இந்த முறை ஷீட் சார் சூடு பட்டவர் இல்லையா, கம்பெனியைத் துளைத்தெடுத்து எல்லா விவரமும் வாங்கியிருந்தார். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் யார், எங்கே, யாரிடம் என்று இருந்தது. கடைசிக் கட்டத்தில் கப்பல் கரையில் மோதி நிற்கிறது. சுக்கான்காரிக்குப் பலத்த காயம். கை இன்னும் சுக்கானில் இருக்கிறது. கேப்டன் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார். அவள் ஒரு வரி பேசிவிட்டுக் கண்ணை மூடுகிறாள்.

"நாம வந்துட்டோம், கேப்டன்."

பாப்பா அதை இரண்டு தரம் வாசித்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சார், பழசை மாத்தாதீங்க. இதுலயும் கடைசி வரி வரைக்கும் நாங்கன்னே இருக்கட்டும்" என்றாள்.

ஷீட் சார் கோப்பையைக் கீழே வைத்தார். பாப்பா யாரிடமும் எதையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்கிற ஆள் இல்லை. மைக்கை உயர்த்தி வைக்கச் சொல்லக்கூட வாய் வராமல், கால் கட்டை விரலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவள். அவள் இப்போது தாளைத் தூக்கிக் காட்டிப் பேசினாள்.

"இத்தனை பாகமும் அவ கேப்டனைச் சேர்த்துக்காமலே பேசிட்டா. நாங்க, நாங்கன்னு. இப்ப உயிர் போற நேரத்துல, முதல் தடவையா நாமங்கிறா. கேப்டனையும் சேர்த்துக்கிறா. பிள்ளைங்க இத்தனை வருஷமா எதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க? இதுக்குத்தானே? பழசையெல்லாம் மாத்திட்டா இந்த வரி என்ன ஆகும்? ஸ்டாப் வந்துடுச்சு, எல்லாரும் இறங்குங்கன்னு கண்டக்டர் சொல்ற மாதிரி ஆயிடும் சார்."

ஷீட் சார் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. தன் பிழை அப்படியே ஒரு பெரிய திட்டமாக மாறுவதைக் கண்முன்னே பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"எனக்கும் ஆரம்பத்துலேர்ந்தே மனசுல இப்படி ஒண்ணு ஓடிக்கிட்டுத்தான் இருந்தது" என்றார், கொஞ்சமும் கூசாமல். அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினார்: இது பிழையன்று, இந்தப் பாத்திரத்துக்கென்று திட்டமிட்டு அமைத்த பேச்சு முறை, மாற்றினால் கதை கெடும்.

பதில் வரும்வரை பாப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரியைப் பற்றி மட்டும் அவள் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. கேப்டன் பக்கத்தில் இருப்பது தெரியாமல்தானே ஷீட் சார் "நாங்க" போட்டார்? யோசித்துப் போட்டதில்லையே. அண்ணியும் அப்படியே யோசிக்காமல் சொல்லியிருக்கலாமே. கையில் துணி, வாயில் வந்த வார்த்தை. வருடக்கணக்காக அவள் வாயில் அதுதான் வருகிறது, அதற்காக இந்த முறையும் அப்படித்தான் என்று ஏன் நினைக்க வேண்டும்? இப்படித் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அண்ணி சமையலறையில் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா ஒரு தட்டை எடுத்துச் சுற்றிக்கொடுத்தபடியே கேட்டுவிட்டாள்.

"அண்ணி, புது வீட்டுக்குப் போறது நாமளா, நீங்களா?"

அண்ணியின் கை நின்றது. பொய் சொல்லத் தெரியாதவள், பாவம்.

"நாங்கதான் பாப்பா" என்றாள். "அங்க ரெண்டே ரூம்தான். வாலுவும் பெரியவளாயிட்டா. உனக்கு ஸ்டூடியோ பக்கத்துலயே ஒரு ரூம் பாத்து வச்சிருக்கோம், நடந்தே போயிடலாம். உங்க அண்ணன்தான் இன்னைக்குச் சொல்றேன் நாளைக்குச் சொல்றேன்னு இழுத்துக்கிட்டே இருக்காரு."

"சரி அண்ணி."

"தப்பா எடுத்துக்காதே."

"இதுல என்ன இருக்கு அண்ணி" என்று அடுத்த தட்டை எடுத்தாள் பாப்பா. எல்லாத் தட்டையும் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. எத்தனை வருடமாக அந்த வார்த்தை காதில் விழுந்துகொண்டிருக்கிறது! இலக்கணப் பிழை என்று ஒருநாள்தான் நம்பினாள், அதுவும் நிலைக்கவில்லை. அண்ணிக்கு இலக்கணம் நன்றாகவே தெரிந்திருந்தது.

கம்பெனியின் பதில் சுருக்கமாக வந்தது. சரி, அப்படியே இருக்கட்டும். ஸ்டூடியோ செலவு மிச்சம் என்கிற நிம்மதி அதில் தெரிந்தது. அவர்களுக்கு இரண்டும் ஒரே சொல்தானே.

ஐந்தாம் பாகத்தின் பதிவு ஒரு வாரம் நடந்தது. கடைசி வரியைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தார்கள். "மைக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைங்க தம்பி" என்றாள் பாப்பா. சவுண்ட் தம்பி ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து வந்து உயர்த்தி வைத்தார். திரையில் கப்பல் கரையில் மோதியது. பாப்பா அண்ணியின் குரலை எடுக்கவில்லை. இந்த வார்த்தையை அந்தக் குரலில் அவள் கேட்டதே இல்லை, எடுக்கவும் வழியில்லை. கேட்க ஆசைப்பட்டவளின் குரல்தான் கைவசம் இருந்தது. அதில் சொன்னாள்.

"நாம வந்துட்டோம், கேப்டன்."

பிறகு உயிர் போகிற மூச்சுச் சத்தம் ஒன்று கொடுக்க வேண்டும். கொடுத்தாள். அது மூச்சா அழுகையா என்று சவுண்ட் தம்பி கேட்கவில்லை. ஒரே டேக்கில் வைத்துக்கொண்டார். ஷீட் சார் சோபாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

கேம் வெளியானது. எல்லா நாட்டிலும் விளையாடினார்கள், நல்ல முடிவு என்றார்கள், குடிகார வைத்தியர் பிழைத்ததில் சந்தோஷப்பட்டார்கள். தமிழில் விளையாடியவர்கள் மட்டும் கடைசிக் காட்சியில் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்கள். இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மற்றவர்கள் விசாரித்தார்கள். விளக்கிப் பார்த்தார்கள், விளங்கவில்லை. ஷீட் சாரை யாரோ பேட்டி எடுத்தார்கள். பல வருடத்துக்கு முன்பே தான் போட்ட திட்டத்தைப் பற்றி அவர் விரிவாகப் பேசினார்.

பாப்பா அதற்குள் தனி அறைக்கு வந்திருந்தாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, அண்ணன் கொடுத்த பழைய டிவி. ஜன்னலைத் திறந்தால் எதிரே சலவைக் கடை. அங்கே ஒருத்தி நாள் முழுவதும் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஒரு விடுமுறை நாள் மதியம் வாலு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. தோளில் பெரிய பை. "முடிவு இப்படின்னு சொல்லவே இல்லையே அத்தை நீங்க! அத்தனை நாள் பக்கத்து ரூம்லயே இருந்துக்கிட்டு!" என்று வாசலிலேயே சண்டைக்கு வந்தாள். பையிலிருந்து கேம் பெட்டியை எடுத்து, டிவிக்குப் பின்னால் புகுந்து ஒயரை மாட்டினாள்.

"என்னடி பண்றே?"

"நீங்க ஒருநாளாவது விளையாடியிருக்கீங்களா? உக்காருங்க. முதல் பாகம் போர், ரெண்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

கட்டிலில் உட்கார்ந்த பாப்பாவின் கையில் அந்தப் பொத்தான் கருவியைத் திணித்தாள். பாப்பா ஓட்டிய கப்பல் முதலில் துறைமுகச் சுவரில் இடித்தது. பிறகு ஒரு மீன்பிடிப் படகை இடித்தது. சமையல்காரன் கெட்ட வார்த்தை சொன்னான். வாலு தலையில் அடித்துக்கொண்டாள். சாயங்காலம் ஆவதற்குள் ஒருமாதிரி கைக்கு வந்தது. புயலும் வந்தது.

பாய்மரம் முறிந்தது. சுக்கான்காரி திரும்பினாள். ஸ்டூடியோவில் பாப்பா அந்த முகத்தைக் கவனித்ததில்லை, அதற்குக் கீழே ஓடுகிற நொடிகளைத்தான் பார்ப்பாள். இப்போது அது நேராக இவளைப் பார்த்தது. மெல்லச் சிரித்தது. பாப்பாவின் குரலில், நிதானமாகப் பேசியது.

"விடியறதுக்குள்ள நாங்க கரை சேர்ந்துடுவோம், கேப்டன்."

கேப்டன் பாப்பாதான். அண்ணன் வீட்டில் இந்த வார்த்தையைக் கேட்டபோதெல்லாம் சிரித்துத் தலையாட்டியவள், இப்போது கட்டிலை விட்டே எழுந்துவிட்டாள்.

"அடிப்பாவி!" என்று கத்தினாள்.

எதிர்ச் சலவைக் கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இருங்க அத்தை, இப்பவே திட்டாதீங்க. நாம இன்னும் மூணு பாகம் போகணும்."

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது பக்கம் திரும்ப எதை அமுக்க வேண்டும் என்று கேட்டாள்.